துடிப்பிழந்த நாடி

நோயாளியின் கையைப் பற்றி நாடி பார்த்தல் வைத்தியத்தின் முதற் படியாகும். சித்த வைத்தியராயினும் சரி, மேனாட்டு முறை பயின்ற டாக்டராயினும் சரி, படுக்கையருகே வந்தமர்ந்ததும் மணிக்கட்டில் விரல்களை வைப்பதை நாம் சிறு வயது முதலே கண்டு வந்திருக்கின்றோம். "நாடி விழுந்துவிட்டது" என்றால் உயிர் பிரியுந் தறுவாய் நெருங்கிவிட்டது என்பதே நம் வீடுகளில் அச்சொற்களுக்குரிய பொருள். ஆனால், நடமாடி, உரையாடி, வீட்டு வேலைகளையும் ஒருவாறு செய்துகொண்டிருக்கும் இளம் பெண்ணொருத்தியின் மணிக்கட்டில் விரலை வைக்கும்போது, அங்கே துடிப்பு என்பதே இல்லையெனின் என் செய்வது?

அவ்வாறான நோயொன்று உண்டு. 'தகயாசு நாடியழற்சி' என்பது வைத்திய நூல்கள் அதற்கு வழங்கும் பெயர். 'நாடித்துடிப்பற்ற நோய்' என்றும் அதனைக் கூறுவர். இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியையும் அதன் பெருங்கிளைகளையும் பற்றி, அவற்றின் சுவர்களைத் தடிக்கச் செய்து, குருதி செல்லும் வழியை மெல்ல மெல்ல அடைத்துவிடுவது இதன் இயல்பு. இஃது அரிய நோய். பத்து இலட்சம் மக்களிடையே ஆண்டொன்றுக்கு ஒருவர் இருவரையே புதிதாகப் பற்றுகின்றது. அங்ஙனமாயின் இதனைப் பற்றி நாம் ஏன் அறிதல் வேண்டுமென்று வாசகர்கள் வினவக்கூடும். காரணம் இரண்டு. இந்நோய்க்கு ஆளாவோரில் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் பெண்கள். அவர்களிலும் பெரும்பாலானோர் நாற்பது வயதுக்குட்பட்டவர்கள். மேலும், நோயின் தொடக்கக் குறிகள் நோயென்றே எவருக்கும் தோன்றுவதில்லை. அரிதென்பதாலேயே அது மறைந்திருக்கின்றது. மறைந்திருப்பதாலேயே கேடு விளைக்கின்றது.

கண் வைத்தியர் கண்ட விந்தை

இந்நோய்க்குத் தம் பெயரைத் தந்த டாக்டர் மிக்கிட்டோ தகயாசு இதய வைத்தியரோ குருதிக்குழாய் வல்லுநரோ அல்லர். அவர் யப்பான் நாட்டின் மேற்குக் கரையிலுள்ள கனசாவா நகரில் கண் வைத்தியப் பேராசிரியராக விளங்கியவர். பார்வை மங்குகின்றதென்று வந்த 21 வயதுப் பெண்ணொருத்தியின் கண்ணின் உட்புறத்தை அவர் கருவி கொண்டு நோக்கினார். விழித்திரையிலே பார்வை நரம்பு வந்து சேரும் இடத்தைச் சுற்றி, நுண்ணிய குருதிக்குழாய்கள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து ஒரு மலர்மாலை போன்று வளைந்து கிடந்தன. அத்தகைய காட்சியை அவர் முன்னர்க் கண்டதில்லை. 1908 ஆம் ஆண்டில் யப்பானியக் கண் வைத்தியர் சங்கக் கூட்டத்தில் அதனை எடுத்துரைத்தார்.

அக்கூட்டத்திலே இருந்த ஒனிஷி, ககோஷிமா என்னும் வேறிரு வைத்தியர்களும் தாம் அதே போன்ற கண்களைக் கண்டதாகக் கூறினர். அத்துடன் அவர்கள் இன்னுமொன்றையும் தெரிவித்தனர். அந்நோயாளரின் மணிக்கட்டில் நாடித்துடிப்பு இல்லை என்பதே அது. கண்ணுக்கும் கைக்கும் என்ன தொடர்பு? விடை தோன்றுவதற்குப் பல்லாண்டுகள் சென்றன. கழுத்தின் வழியாகத் தலைக்குச் செல்லும் நாடிகள் ஒடுங்கிவிட்டால் கண்ணுக்குப் போதிய குருதி செல்வதில்லை. பசித்த விழித்திரை தனக்குக் குருதி தேடிப் புதுக் குழாய்களை வளர்த்துக்கொள்ள முயல்கின்றது. தகயாசு கண்ட மலர்மாலை அம்முயற்சியின் விளைவே. கண்ணிலே தோன்றிய குறிக்குக் காரணம் நெஞ்சருகே இருந்தது.

இந்நோய் அன்று புதிதாய்ப் பிறந்ததன்று. 1830 ஆம் ஆண்டிலேயே யாமமோட்டோ என்னும் யப்பானியச் சுதேச வைத்தியர், நெடுநாட் காய்ச்சலின்பின் கைகளில் நாடி குன்றி மறைந்த ஓர் ஆடவரைப் பற்றி எழுதி வைத்துள்ளார். எனினும், சிதறிக் கிடந்த குறிப்புகளை ஒன்றுசேர்த்து இதனைத் தனியொரு நோயென்று உலகினர் அறியச் செய்தவர்கள் ஷிமிசு, சானோ என்னும் இரு யப்பானிய வைத்தியர்கள். 1951 ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்த அவர்களது கட்டுரையினாலேயே 'நாடித்துடிப்பற்ற நோய்' என்னும் பெயர் பிற நாடுகளிலும் பரவியது.

வேலியே பயிரை மேய்ந்தால்

நம் உடலுக்குள் நோய்க்கிருமிகள் புகும்போது அவற்றை எதிர்த்து அழிப்பதற்கென ஓர் ஏற்பாடு உண்டு. அதனை நிர்ப்பீடனம் என்பர். வெண்குருதிக் கலங்கள் இதன் காவற்படையினர். தன்னவர் யார், அயலார் யார் என்று பிரித்தறிவதே இப்படையின் தலையாய திறமை. சிலரிடத்து இத்திறமை பிறழ்ந்துவிடுகின்றது. காவற்படை தன் சொந்த இழையங்களையே பகையெனக் கொண்டு தாக்கத் தொடங்குகின்றது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். இவ்வாறு எழும் பிணிகள் தன்னெதிர்ப்பு நோய்கள் எனப்படும். மூட்டுகளைத் தாக்கினால் ஒரு வகை வாதம். கழுத்துச் சுரப்பியைத் தாக்கினால் வேறொரு பிணி. பெருநாடியைத் தாக்கினால் நாம் இங்கே பேசும் நோய்.

பெருநாடியின் சுவர் மூன்று படைகளால் ஆனது. அச்சுவர் மிகத் தடித்ததாதலின், அதன் வெளிப்படைக்கு உணவூட்டுவதற்கெனவே தனியாக நுண்குழாய்கள் உள்ளன. பிறழ்ந்த வெண்கலங்கள் இந்நுண்குழாய்களின் வழியாகவே சுவருக்குள் நுழைகின்றன என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அழற்சி வெளிப்படையில் தொடங்கி மூன்று படைகளிலும் பரவுகின்றது. பின்னர்ப் புண் ஆறி வடுவாவது போலச் சுவர் நாரிழையங்களால் தடித்து, உள்வழி ஒடுங்குகின்றது. சில இடங்களில் இதற்கு மாறாகச் சுவர் வலுவிழந்து பலூன் போல் வீங்குவதும் உண்டு.

இப்பிறழ்ச்சி எதனால் எழுகின்றது என்பதற்கு முடிந்த முடிவான விடை இல்லை. பரம்பரைக் கூறு ஒன்று உண்டென்பதற்குச் சான்றுகள் உள்ளன. எச். எல். ஏ. பி-52 என்னும் மரபுக் குறியை உடையோரிடத்து இந்நோய் கூடுதலாகக் காணப்படுகின்றது. எனினும், இது தாயிடமிருந்து மகளுக்கு நேரே இறங்கும் நோயன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோயுமன்று. நோயுற்ற பெண்ணின் கோப்பையையும் தட்டையும் ஒதுக்கி வைப்பது வெறும் அறியாமையே.

சோம்பலன்று, நோய்

நோயின் முதற் பருவத்தில் நாடிகள் இன்னும் ஒடுங்கியிரா. இலேசான காய்ச்சல், காரணமற்ற களைப்பு, உடல் மெலிதல், இராவியர்வை, மூட்டு நோவு ஆகியனவே தோன்றும். இவை எந்த நோய்க்குத்தான் இல்லை? சயரோகமோ என்று ஐயுறுவோர் உண்டு. இரத்தக் குறைவு என்று இரும்புச் சத்துக் குளிசை கொடுப்போர் உண்டு. பரீட்சைக்குப் படிக்கும் மாணவியாயின் படிப்புச் சுமை என்பர். மணமாகாத பெண்ணாயின் மனக்கவலை என்பர். வீட்டு வேலைக்குப் பின்னிற்பவளாயின் சோம்பேறி என்ற பட்டமே கிடைக்கும். சில வாரங்களிலோ மாதங்களிலோ இக்குறிகள் தாமே தணிவதுமுண்டு. "நல்ல காலம், சுகம் வந்துவிட்டது" என்று வீட்டார் மகிழ்ந்திருக்க, நாடிச் சுவரிலே அழற்சி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

அடுத்த பருவத்திலே ஒடுக்கம் தன்னை வெளிக்காட்டுகின்றது. கைக்குச் செல்லும் நாடி ஒடுங்கினால், கையை உயர்த்திச் செய்யும் வேலைகள் யாவும் கடினமாகும். தலை வாரிப் பின்னல் போடும்போது கை சோர்ந்து விழும். கொடியில் துணி உலர்த்தும்போது தோள் கடுக்கும். கிணற்றிலே நாலு வாளி தண்ணீர் அள்ளுவதற்குள் கை மரத்துப்போகும். சற்று ஓய்ந்திருந்தால் நோவு மறையும். மீண்டும் வேலை தொடங்கினால் மீண்டும் வரும். வேலையோடு வந்து ஓய்வோடு மறையும் இந்த நோவே குருதி போதாமையின் அடையாளம். கழுத்து நாடிகள் ஒடுங்கினால் தலைசுற்றலும் மயக்கமும் பார்வை மங்கலும் உண்டாகும். கழுத்தின் பக்கத்தைத் தொட்டால் சிலருக்கு நோகும். பாரிசவாதம் முதலிய பெருந்துன்பங்களும் இளம் வயதிலேயே நேரக்கூடும்.

சிறுநீரகத்துக்குச் செல்லும் நாடி ஒடுங்கினால் நிகழ்வது வேறு. தனக்கு வரும் குருதி குறைந்தமையால், உடல் முழுவதிலும் குருதி குறைந்துவிட்டதெனச் சிறுநீரகம் தவறாகக் கருதி, குருதியமுக்கத்தை உயர்த்தும் பொருளைச் சுரக்கின்றது. அமுக்கம் ஏறிக்கொண்டே போகின்றது. யப்பானில் பெருநாடியின் மேற்கிளைகள் தாக்கப்படுதலே மிகுதி. இந்தியாவிலோ வயிற்றுப் பகுதியிலுள்ள பெருநாடியும் சிறுநீரக நாடிகளும் பெரிதும் தாக்கப்படுவதால், உயர் குருதியமுக்கமே பலரிடத்து முதலிற் கண்டறியப்படும் குறியாக அமைகின்றது. இருபது வயது மங்கையொருத்திக்கு உயர் குருதியமுக்கம் இருப்பதாகக் கண்டால், அதனைக் குளிசையால் மட்டும் அடக்கிவிட்டு அமைதியடைதல் கூடாது. ஏன் என்னும் வினாவை எழுப்புதல் வேண்டும்.

இரு கைகளையும் பாருங்கள்

இந்நோயிலே மறைந்திருக்கும் பெரும் பொறியொன்றை நாம் இங்கே விளக்குதல் அவசியம். குருதியமுக்கத்தைக் கையிலே பட்டியைச் சுற்றி அளக்கின்றோம். அப்பட்டி காட்டுவது அந்தக் கையின் நாடியிலுள்ள அமுக்கத்தையே. நெஞ்சுக்கும் புயத்துக்குமிடையே நாடி ஒடுங்கியிருந்தால், வயலுக்குச் செல்லும் வாய்க்காலில் அடைப்பு நேர்ந்தது போல, அப்பாலுள்ள கையில் அமுக்கம் குறைந்தே காணப்படும். இடக்கையில் 100 என்று அளவு காட்டக்கண்டு "குருதியமுக்கம் குறைவாயிருக்கிறது, நன்றாகச் சாப்பிடுங்கள்" என்று கூறி அனுப்பப்பட்டவரின் வலக்கையில் அது 160 ஆக இருக்கக்கூடும். அவருடைய இதயமும் மூளையும் தாங்கிக்கொண்டிருப்பது அந்த 160ஐயே. இரு கைகளின் நாடிகளும் ஒடுங்கியிருப்பின் பொறி இன்னும் கொடியது. அப்போது காலிலே அளந்தாலன்றி உண்மை வெளிப்படாது.

இரு கைகளுக்குமிடையே 10 மி.மீ. இரசம் வரை வேற்றுமை இருத்தல் பலரிடத்தும் இயல்பே. அதனை மிஞ்சுமாயின் காரணம் ஆராயத்தக்கது. அமெரிக்க வாதநோயியற் கல்லூரியார் 1990 ஆம் ஆண்டில் இந்நோயை வகைப்படுத்த ஆறு அடையாளங்களை வகுத்தனர். நோய் 40 வயதிற்குள் தொடங்குதல். கை கால்கள் வேலையின்போது சோர்ந்து நோதல். புயநாடியின் துடிப்புக் குன்றுதல். இரு கைகளின் அமுக்கம் 10 மி.மீ.க்கு மேல் வேறுபடுதல். காறையென்பின் கீழுள்ள நாடியிலோ பெருநாடியிலோ இரைச்சல் கேட்டல். நாடிகளின் எக்ஸ் கதிர்ப் படத்தில் ஒடுக்கம் தோன்றுதல் என்பன அவை. இவற்றுள் மூன்று பொருந்தினால் இந்நோயென வகுக்கலாம் என்பது விதி. 2022 ஆம் ஆண்டில் ஐரோப்பியரும் அமெரிக்கரும் சேர்ந்து இவ்விதிகளைப் புதுக்கினர். ஸ்கான் படங்களில் நாடியழற்சி தென்படுதல் இப்போது இன்றியமையாத நிபந்தனையாகும்.

மேற்கூறிய ஆறில் ஐந்து அடையாளங்களை அறிவதற்கு விலையுயர்ந்த பொறி எதுவும் தேவையில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க. நோயாளியின் வாய்மொழியும், வைத்தியரின் விரல்களும், காதுக்குழாயும், அமுக்கமானியுமே போதும். ஒடுங்கிய குழாயினூடு பாயும் குருதி எழுப்பும் இரைச்சலைக் காதுக்குழாயைக் கழுத்திலோ வயிற்றிலோ வைத்துக் கேட்கலாம்.

ஐயம் எழுந்தபின் கருவிகள் துணைக்கு வருகின்றன. ஒலியலைப் படத்தினால் கழுத்து நாடியின் சுவர் தடித்திருப்பதைக் காணலாம். காந்தப் புலத்தைக் கொண்டு எடுக்கும் படங்கள், குழாய் ஒடுங்குமுன்னரே சுவரிலுள்ள வீக்கத்தைக் காட்டவல்லவை. குருதிச் செங்கலங்கள் அடியிற் படியும் வேகத்தை அளக்கும் சோதனையும் உண்டு. ஆயினும் அதனை முற்றாக நம்புவதற்கில்லை. 1994 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையத்தார் 60 நோயாளரைப் பற்றி வெளியிட்ட ஆய்விலே, நோய் அடங்கிவிட்டதெனக் கருதப்பட்ட சிலருக்குச் சத்திரசிகிச்சை செய்தபோது, அகற்றிய நாடித் துணுக்குகளில் அழற்சி தொடர்ந்திருந்தமை காணப்பட்டது. இக்காரணத்தால் நோயின் போக்கை அளவிட இந்திய வைத்தியர்கள் 44 கூறுகளைக் கொண்ட மதிப்பீட்டு முறையொன்றை வகுத்து 2013 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினரும் இப்பணியிற் பங்குகொண்டனர். அக்கூறுகளில் 33 இதயத்தையும் குருதிக்குழாய்களையும் பற்றியன. அவை பெரும்பாலும் நோயாளியைத் தொட்டும் கேட்டும் அறியத்தக்கவை.

தீயை அணைத்தல், வழியைத் திறத்தல்

தகயாசுவின் காலத்திலே இந்நோய்க்கு மருந்தில்லை. 1948 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ வைத்திய நிலையத்தில் டாக்டர் பிலிப் ஹென்ச்சும் அவருடன் பணியாற்றியோரும், மூட்டுவாதத்தால் முடங்கியிருந்த பெண்ணொருத்திக்குக் கோர்ட்டிசோன் என்னும் மருந்தை முதன்முதலாகச் செலுத்தினர். சில நாட்களில் அவள் எழுந்து நடந்தாள். 1950 ஆம் ஆண்டில் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்ரைன் ஆகிய மூவரும் நோபல் பரிசு பெற்றனர். அம்மருந்தின் வழித்தோன்றலாகிய பிரெட்னிசொலோன் இன்றும் இந்நோய்ச் சிகிச்சையின் அடித்தளமாகும். தொடக்கத்தில் உயர்ந்த அளவிற் கொடுத்து அழற்சியை அணைத்து, பின்னர்ப் பல மாதங்களிற் படிப்படியாகக் குறைப்பது முறை.

பயன் பெரிது, விலையும் பெரிது. முகம் திரண்டு வட்டமாதல், உடல் பருத்தல், நீரிழிவு, எலும்பு மெலிதல், கண்ணிற் புரை, தொற்றுநோய்களுக்கு எளிதில் ஆளாதல் ஆகியன நெடுநாள் உண்போருக்கு வரக்கூடிய துன்பங்கள். நம் நாடுகள் போன்று சயரோகம் நிலவும் இடங்களில், உடலில் அக்கிருமி உறங்குகின்றதா என்று முன்னரே பார்த்துக்கொள்ளுதல் அவசியம். முகம் வீங்கிவிட்டதே என்று கலங்கி, இளம் பெண்கள் வைத்தியரைக் கேளாமலே குளிசையை நிறுத்திவிடுவதுண்டு. இது பேராபத்து. நெடுநாள் இம்மருந்தை உண்டவரின் உடல் தனக்கு வேண்டிய சுரப்பைத் தானே சுரக்கும் பழக்கத்தை இழந்திருக்கும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஊறு நேரலாம்.

பிரெட்னிசொலோனின் அளவைக் குறைக்கும் பொருட்டு மெதோத்திரெக்சேற்று, அசதயோபிரின், மைக்கோபினலேற்று முதலிய மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்பர். அவற்றாலும் அடங்காதபோது, அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட புரதங்களை மட்டும் தடுக்கும் புதுமருந்துகள் உள்ளன. அவற்றுள் ஒன்றான டொசிலிசுமாப் என்பதை இந்நோய்க்கென யப்பான் 2017 ஆம் ஆண்டில் அங்கீகரித்தது. அங்கே 36 நோயாளரைக் கொண்டு நடத்திய பரிசோதனையின் முடிவு மருந்துக்குச் சார்பாகவே இருந்ததாயினும், கணித முறைப்படி ஐயமற நிறுவும் அளவுக்கு எட்டவில்லை. நோயாளர் மிகச் சிலரேயாகும் நோய்களில் ஆராய்ச்சி எதிர்கொள்ளும் இடர் இதுவே.

அழற்சியை அணைக்கும் மருந்து, முன்னரே வடுவாகிவிட்ட ஒடுக்கத்தைத் திறந்துவிடாது. அதற்குப் பலூனைச் செலுத்தி விரித்தலும், அடைப்பைத் தாண்டிப் புதுக் குழாய் பொருத்துதலுமாகிய முறைகள் உள்ளன. இவற்றை இயன்றவரை அழற்சி அடங்கிய பின்னரே செய்வர். தீ எரிந்துகொண்டிருக்கும் வீட்டில் சுவரைப் புதுப்பித்து என்ன பயன்? திறந்த குழாய் மீண்டும் அடைபடவே அது வழிவகுக்கும்.

வீட்டாரின் கடமை

இந்நோய் வந்தோரில் மிகப் பெரும்பாலோர் இக்காலச் சிகிச்சையால் நெடுங்காலம் வாழ்கின்றனர். படிக்கின்றனர், தொழில் புரிகின்றனர், மணஞ்செய்து தாயாகவும் ஆகின்றனர். ஆயினும், நோய் ஒருமுறை அடங்கினாலும் மீண்டும் தலைதூக்குவது பொதுவாதலின், ஆண்டுக் கணக்கில் வைத்தியரின் கண்காணிப்பில் இருத்தல் வேண்டும். கருவுற விரும்பும் பெண் அதனை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லுதல் வேண்டும். மெதோத்திரெக்சேற்றும் மைக்கோபினலேற்றும் கருவுக்குக் கேடு செய்வனவாதலின், அவற்றை நிறுத்தித் தீங்கற்ற மருந்துகளுக்கு மாறிய பின்னரே கருத்தரித்தல் தக்கது. மணப்பேச்சுக்கு இடையூறாகுமென்றெண்ணி நோயை மறைத்து, மருந்தையும் மறைத்து உண்ணச் சொல்லும் பெற்றோர், தம் மகளின் உயிரையே பணயம் வைக்கின்றனர்.

ஆகவே, தாய்மாருக்கும் மாணவ மாணவியருக்கும் நாம் கூறக்கூடியது இது. ஓய்ந்து கிடக்கும் பிள்ளையெல்லாம் இந்நோயாளி அல்லள். வீணே அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், வாரக்கணக்கில் நீங்காத காய்ச்சலும் களைப்பும், வேலையோடு வந்து ஓய்வோடு மறையும் கைநோவும், இளம் வயதில் உயர் குருதியமுக்கமும் கண்டால், அவளைக் கடிந்துகொள்ளாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். "ஐயா, இரண்டு கைகளிலும் அமுக்கத்தை அளந்து பார்ப்பீர்களா?" என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல வைத்தியர் எவரும் அதற்காக உங்கள்மீது சினங்கொள்ளார். அதற்குச் செலவாகுங் காலம் ஐந்து நிமிடமே. அந்த ஐந்து நிமிடம் சிலருக்கு ஐம்பது ஆண்டு வாழ்வைத் தரக்கூடும்.